ரேஷன் பாமாயிலும் ஒரு தராசும்

மார்கழியில் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலைக்குப் போய் வெள்ளிமலைப் பக்கம் எந்தச் சமையல்கட்டை எட்டிப் பார்த்தாலும் இது தெரியும். தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாக உறைந்திருக்கும். ரேஷன் பாமாயில் பாக்கெட்டின் அடியில் வெள்ளையாக மண்டி நிற்கும். கடலை எண்ணெய் மட்டும் எப்போதும்போல ஓடும். மூன்றும் எண்ணெய்தான், மூன்றும் ஒரே அலமாரியில்தான் இருக்கின்றன. இருந்தும் குளிரில் மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்கின்றன. இந்த வேறுபாட்டைக் கவனித்தவருக்குச் சோப்பு செய்வதில் பாதி தெரிந்துவிட்டது என்பேன். சீக்கிரம் உறையும் எண்ணெய் கெட்டியான சோப்பைத் தரும். உறையாத எண்ணெய் இளகிய சோப்பைத் தரும். மற்றதெல்லாம் கணக்கு.

எண்ணெய்க்குள் இருப்பது என்ன? ஒரு கிளிசரின் மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் பிணைந்திருக்கின்றன. எல்லா எண்ணெய்க்கும், நெய்க்கும், வனஸ்பதிக்கும் அமைப்பு இதுவே. சங்கிலிகளின் நீளமும் வளைவும்தான் மாறுகின்றன. காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, தண்ணீரில் கரைந்து எண்ணெயைச் சந்திக்கும்போது அந்தப் பிணைப்பை அறுக்கிறது. கிளிசரின் தனியே விலகுகிறது. விடுபட்ட ஒவ்வொரு சங்கிலியும் ஒரு சோடியத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சோடியம் உப்புதான் சோப்பு. கொழுப்புக்குள் நடக்கும் இந்தப் பிரிவினையைப் பிரான்ஸின் மிஷேல் செவ்ரல் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறுமையாக ஆராய்ந்து 1823-இல் நூலாக வெளியிட்டார். அதற்கு முன் உலகம் முழுவதும் சோப்பு காய்ச்சியவர்களுக்குக் கைப்பழக்கம் இருந்தது; உள்ளே நடப்பது தெரியாது.

இந்த உப்பின் ஒரு முனை தண்ணீரை நாடும், மறுமுனை எண்ணெயை நாடும். அழுக்கைத் தோலிலும் துணியிலும் ஒட்டவைப்பது எண்ணெய்ப் பசை. சோப்பின் எண்ணெய் முனைகள் அந்தப் பசைக்குள் குத்தி நின்று, அதைச் சிறுசிறு உருண்டைகளாகப் பெயர்த்துத் தண்ணீரோடு அனுப்பிவிடுகின்றன. கொரோனா போன்ற நச்சுயிரிகளின் மேலுறை கொழுப்பாலானது. அந்த உறையும் இப்படித்தான் கிழிகிறது. இதற்கு விலையுயர்ந்த சோப்பு தேவையில்லை. கைகழுவும் வேலையில் மலிவான வீட்டுச் சோப்பும் வாசனைச் சோப்பும் ஒன்றுதான்.

எந்த எண்ணெயை எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் சிக்கனம் இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். 12 கார்பன் கொண்ட குட்டைச் சங்கிலி அது. குட்டையாக இருப்பதால் அதன் சோப்பு தண்ணீரில் எளிதாகக் கரைந்து, பொங்கிப் பொங்கி நுரைக்கும். கடல் நீரில்கூடக் கொஞ்சம் நுரைப்பதால் கப்பல்காரர்கள் ஒரு காலத்தில் தேங்காய் எண்ணெய்ச் சோப்பை விரும்பி வாங்கினார்கள். ஆனால் தனியாகப் பயன்படுத்தினால் தோலின் இயல்பான எண்ணெயையும் வழித்தெடுத்து வறட்சியாக்கிவிடும். பாமாயிலில் 16 கார்பன் உள்ள பால்மிட்டிக் அமிலம் கணிசமாக இருக்கிறது. அது கட்டிக்கு உறுதி தரும், சீக்கிரம் கரையவிடாது. நுரை குறைவு, வருவது நெருக்கமாக, நிலைத்து நிற்கும். கடலை எண்ணெயில் இருக்கும் ஒலியிக், லினோலியிக் சங்கிலிகள் வளைந்தவை, ஒன்றோடொன்று அடுக்கி உட்காராதவை. அதனால்தான் குளிரிலும் அது ஓடுகிறது. அதன் சோப்பு தோலுக்கு மென்மை. ஆனால் அதை மட்டும் வைத்துச் செய்தால் கட்டி சோப்புப் பெட்டியிலேயே கொழகொழத்துப் போகும். ஆத்தூர், சேலம் பக்கம் விளையும் ஆமணக்கின் எண்ணெய் இன்னொரு ரகம். அதன் சங்கிலியில் தண்ணீரை விரும்பும் ஒரு கூடுதல் முடிச்சு இருப்பதால், நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்த்தாலே மற்ற எண்ணெய்களின் நுரையைத் தூக்கிவிடும்.

ஆக மலிவான சோப்பு என்றால் பாமாயிலை அடித்தளமாக வைத்து, நுரைக்கு அளவாகத் தேங்காய் எண்ணெய், மென்மைக்குக் கொஞ்சம் கடலை எண்ணெயோ தவிட்டு எண்ணெயோ சேர்ப்பது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அது சமையலுக்குத் தரப்படும் எண்ணெய். சமையலுக்குப் போக மிஞ்சுவதைத்தான் சோப்புக்கு எடுக்க வேண்டும். செலவைத் தீர்மானிப்பது தேங்காய் எண்ணெய். 2025-இல் அதன் விலை ஏறிய ஏற்றத்தை எல்லா வீடுகளும் பார்த்தன. நூற்றுக்கு முப்பது பங்கு தேங்காய் எண்ணெய் சுகமான அளவு. பதினைந்துக்கு இறக்கி, ஐந்து பங்கு விளக்கெண்ணெய் சேர்த்தாலும் குளிக்க நல்ல சோப்பு வரும்.

இனி கணக்கு. ஒவ்வொரு எண்ணெயும் தன் சங்கிலிகளின் நீளத்துக்கு ஏற்ப வேறு வேறு அளவு காஸ்டிக் சோடாவைக் கேட்கும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக 0.183 கிராம் வேண்டும். பாமாயிலுக்கு 0.141, கடலை எண்ணெய்க்கு 0.136, விளக்கெண்ணெய்க்கு 0.128. குட்டைச் சங்கிலி என்றால் ஒரு கிராமுக்குள் அதிகச் சங்கிலிகள் இருக்கும். அதனால்தான் தேங்காய் எண்ணெய் அதிகம் கேட்கிறது. ஒரு கிலோ கலவையை எடுத்துக்கொள்வோம்: பாமாயில் 500 கிராம், தேங்காய் எண்ணெய் 300, கடலை எண்ணெய் 200. பாமாயிலுக்கு 70.5, தேங்காய் எண்ணெய்க்கு 54.9, கடலை எண்ணெய்க்கு 27.2. கூட்டினால் 152.6 கிராம். இதை அப்படியே போடக் கூடாது. ஐந்து விழுக்காடு குறைத்து 145 கிராம் போட வேண்டும். அப்போது கொஞ்சம் எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சும். அந்த மிச்ச எண்ணெய் தோலுக்கு இதம். அதைவிட முக்கியமாக, காஸ்டிக் சோடா மிஞ்சாமல் இருப்பதற்கு அதுவே காவல். தண்ணீர் 320 கிராம் போதும்.

கலவையை மாற்றினால் கணக்கை மறுபடி போட்டாக வேண்டும். மேலே சொன்னதில் 150 கிராம் தேங்காய் எண்ணெயை எடுத்துவிட்டு அதே எடைக்குப் பாமாயில் சேர்த்தால், தேவைப்படும் காஸ்டிக் சோடா ஏறக்குறைய 6 கிராம் குறைகிறது. இதைக் கவனிக்காமல் பழைய 145 கிராமையே போட்டால், காவலுக்கு விட்ட இடைவெளி ஏறக்குறைய முழுவதும் தீர்ந்துபோகும். ஆறு கிராம்தானே என்று விடக்கூடிய தொழில் அல்ல இது. டம்ளர், கரண்டி, உழக்கு எதுவும் ஆகாது. ஒரு லிட்டர் பாமாயில் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், எடை 910 கிராம் என்றிருக்கும். லிட்டரைக் கிலோ என்று எண்ணியவர் அங்கேயே 90 கிராம் தவறுகிறார். ஒரு கிராம் வரை காட்டும் சின்ன மின்னணுத் தராசு வாங்க முடியாதவர்கள் கடைச் சோப்பே வாங்கிக்கொள்ளட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செய்முறை எளிது. எண்ணெய்களை எடைபோட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் லேசாகச் சூடாக்கிக் கலந்துகொள்ள வேண்டும். காஸ்டிக் சோடாவைத் தனியே தண்ணீரில் கரைக்க வேண்டும். கரையும்போது அடுப்பே இல்லாமல் 80 டிகிரியைத் தாண்டிச் சுடும். இரண்டும் கை பொறுக்கும் வெதுவெதுப்புக்கு வந்தபின் கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். சூட்டைப் பார்க்கக் கரைசலில் விரலை விட்டுவிடக் கூடாது. பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டால் போதும். கரண்டியால் கலக்கினால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம்; பிளெண்டர் இருந்தால் சில நிமிடங்கள். கலவை தோசை மாவுப் பதத்துக்கு வந்து, கரண்டியிலிருந்து சொட்டவிட்டால் மேலே கோடு நிற்கும். அப்போது பிளாஸ்டிக் டப்பாவிலோ, உள்ளே பிளாஸ்டிக் தாள் விரித்த மரப்பெட்டியிலோ ஊற்றி, துணி போர்த்தி, பிள்ளைகள் கைபடாத இடத்தில் வைக்க வேண்டும். ஒன்றிரண்டு நாளில் கெட்டியாகும். கையுறையோடு வெட்டி, காற்றாட நான்கிலிருந்து ஆறு வாரம் அடுக்கி வைக்க வேண்டும். வினை பெரும்பாலும் முதல் இரண்டு நாளிலேயே முடிந்துவிடுகிறது. வாரக்கணக்கில் காத்திருப்பது ஈரம் வற்றிக் கட்டி இறுகுவதற்கு. அவசரப்பட்டு எடுத்தால் பாதிக் காசு தண்ணீரோடு போகும். சந்தேகம் இருந்தால் பி.எச். தாளை ஈரச் சோப்பில் ஒற்றிப் பாருங்கள். நல்ல சோப்பு 9-க்கும் 10-க்கும் இடையில் காட்டும். 11-ஐத் தாண்டினால் அது உடம்புக்கு ஆகாது.

காஸ்டிக் சோடாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேட்டூரிலும் தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்திலும் ஆலைகள் உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சி இதைத் தயாரிக்கின்றன. வெள்ளைச் சில்லுகளாக, பார்க்கக் கல்கண்டு போல இருக்கும். கரைத்துவிட்டால் தண்ணீருக்கும் அதற்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஒரு மிடறு உள்ளே போனால் உணவுக்குழாய் வெந்து, ஆறும்போது சுருங்கிப்போகும். குழந்தை சோறு விழுங்க முடியாமல் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைக்கு நடக்க வேண்டிவரும். கள்ளக்குறிச்சிக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றிலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மெத்தனாலும் கண்ணுக்குத் தண்ணீர்தான். எது என்னவென்று எழுதாத பாத்திரத்தில் ஒரு வேதிப்பொருள் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. குளிர்பானப் பாட்டிலில் காஸ்டிக் கரைசலை ஊற்றி வைப்பது கொலைக்குச் சமம்.

கரைக்கும்போது தண்ணீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். வெளியில், காற்றோட்டமான இடத்தில், கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து, தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். சாக்கடை அடைப்பு நீக்கும் பொடிகள் சிலவற்றில் அலுமினியத் துண்டுகளே கலந்திருக்கும். சோப்புக்கு அவை உதவா. கடையில் கேட்கும்போதும் கவனம் தேவை: சலவைச் சோடா வேறு, சமையல் சோடா வேறு, காஸ்டிக் சோடா வேறு. தோலில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். வினிகரோ எலுமிச்சையோ தேடக் கூடாது. கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.

சோப்பு நன்றாக வந்த பிறகும் ஒரு குறை சொல்வார்கள்: மலையில் நுரைக்கிறது, கீழே நுரைக்கவில்லை. குறை சோப்பில் இல்லை. சமவெளியில் பாறை இடுக்குகளில் நெடுநாள் கிடந்து ஆழ்துளைக் கிணற்றில் ஏறிவரும் தண்ணீர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. நாம் உப்புத் தண்ணீர் என்கிறோம். மலை ஓடைத் தண்ணீர் மழையாக விழுந்து சீக்கிரம் ஓடிவருவது. அதில் இந்த உப்புகள் குறைவு. சோப்பின் சங்கிலிகளைக் கால்சியம் கண்ட இடத்தில் பிடித்துக்கொள்கிறது. கால்சியம் சோப்பு கரையாது, நுரைக்காது, வாளியின் விளிம்பில் சாம்பல் நிற வளையமாக ஒட்டும்.

எவ்வளவு இழப்பு என்று போட்டுப் பார்க்கலாம். குடிநீரின் கடினத்தன்மைக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு வைத்திருக்கும் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. 200 உள்ள தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கிராமுக்கு மேல் சோப்பு வீணாகும். 600 என்றால் மூன்று கிராமைத் தாண்டும். அந்தத் தண்ணீரில் பதினைந்து லிட்டர் வாளித் துணியை அலசினால் அரைக் கட்டிச் சோப்பு, அதாவது 50 கிராம், அழுக்கைத் தொடும் முன்பே கால்சியத்துக்குப் போய்விடும். அந்த வாளியில் சோப்பு போடும் முன் 10 கிராம் நீரற்ற சலவைச் சோடாவைக் கரைத்து வைத்தால் கால்சியம் சுண்ணாம்பாக அடியில் படிந்துவிடும். 50 கிராம் சோப்பு மிஞ்சும். எண்ணெயில் மிச்சம் பிடிப்பதைவிடப் பெரிய மிச்சம் இது. துணிக்கு மட்டும்தான், குளிக்கும் தண்ணீருக்கு அல்ல.

சலவைத் தொழிலாளிகளுக்கு இந்தச் சோடா புதிதல்ல. அவர்கள் தரையிலிருந்து வாரிவந்த உவர்மண்ணில் இருந்ததும் அதுதான். வேர்வையோடு துணியில் படியும் கொழுப்பு அமிலங்களோடு உவர்மண்ணின் சோடா சேர்ந்து, வெள்ளாவிச் சூட்டில் துணிக்குள்ளேயே கொஞ்சம் சோப்பு உண்டாகியது. எண்ணெய் வாங்காமல், அழுக்கின் எண்ணெயையே சோப்பாக்கிய வேலை அது. மலைக்காரர்களிடம் இன்னொரு வழி இருந்தது. உசிலை இலையை இடித்த அரப்பு, சீயக்காய், பூந்திக்கொட்டை ஆகிய மூன்றிலும் சாப்போனின் என்ற பொருள் இருக்கிறது. அதற்கும் தண்ணீர் முனை ஒன்று, எண்ணெய் முனை ஒன்று. கால்சியத்தைக் கண்டு சோப்பைப் போலத் திரிந்துபோவதில்லை. தலைக்கு அரப்பு கிடைக்கிற இடத்தில் தலைக்குச் சோப்பு போடுவது தேவையில்லாத செலவு என்பது என் கருத்து. அடுப்புச் சாம்பலைக் கரைத்து வடித்த நீரிலும் காரம் உண்டு. அது பெரும்பாலும் பொட்டாசியம் கார்பனேட். சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தை ஏற்றினாலும் அது தருவது கட்டிச் சோப்பல்ல, குழைவான சோப்பு. சாம்பலுக்குச் சாம்பல் காரத்தின் அளவு மாறுவதால் கணக்கும் நிற்காது.

சமையலுக்கு ஆகாத எண்ணெய்களையும் இங்கே மறக்கக் கூடாது. இலுப்பை, புங்கன், வேம்பு மூன்றும் இந்த நிலத்து மரங்கள். இலுப்பெண்ணெயில் பால்மிட்டிக்கும் ஸ்டியரிக்கும் சேர்ந்து நிறைய இருப்பதால் உறுதியான சோப்பு வரும். பாமாயிலின் இடத்தில் தைரியமாக வைக்கலாம். புங்க எண்ணெய் நிறம் கறுத்தது, வாடை உண்டு, துணிச் சோப்புக்குப் போதும். வேப்பெண்ணெயை வாடை பொறுப்பவர்கள் கொஞ்சமாகச் சேர்க்கலாம். 1957-இல் அமைந்த கதர் கிராமத் தொழில் ஆணையம், உண்ணாத எண்ணெயும் சோப்பும் என்று ஒரு கிராமத் தொழிலையே தனியாக வைத்தது. சாப்பிடும் எண்ணெயை மிச்சப்படுத்துவதும் விதை பொறுக்குகிறவர்களுக்குக் கூலி கிடைப்பதும் அதன் நோக்கம். அதற்கும் முன்னால், 1914-இல், சென்னை மாகாண மீன்துறையில் இருந்த சர் பிரெடரிக் நிக்கல்சன் முயற்சியில் மலபார்க் கரையில் அரசே சோப்பு செய்யத் தொடங்கியது. கோழிக்கோட்டின் கேரளா சோப் இன்ஸ்டிடியூட் அதிலிருந்து வளர்ந்தது. அரசு ஆய்வுக்கூடம் வைத்து வளர்த்த இந்தத் தொழில் இன்று பெரிய ஆலைகளின் சொத்தாகத் தெரிவது எனக்கு வருத்தம்.

பஜ்ஜிக் கடையில் பலமுறை பொரித்துக் கருகிய எண்ணெய் இன்னொரு மூலப்பொருள். கெட்டுப்போன பொருட்களின் அளவு 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்கு மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் நடப்பில் இருக்கும் உணவுப் பாதுகாப்பு விதி. அதை வடிகட்டி, உப்புத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்தால் துணிக்கும் பாத்திரத்துக்கும் சோப்பாக்கலாம். முகத்துக்கு வேண்டாம்.

தரம் எப்படி இருக்கும்? கடைச் சோப்பு உறையில் டி.எஃப்.எம். என்று ஒரு எண் இருக்கும். மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு அது. 76-க்குக் குறையாதது முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம். குளியல் கட்டி என்று விற்பதில் 40 இருந்தாலே போதும். மேலே சொன்ன ஒரு கிலோ எண்ணெய்க் கலவை நன்றாகக் காய்ந்தபின் நூறு கிராம் கட்டிகள் பன்னிரண்டுக்கு மேல் வரும். கொழுப்பு அளவு 75-ஐ ஒட்டி நிற்கும். பெரிய ஆலைகள் பிரித்தெடுத்துத் தனியே விற்கும் கிளிசரினும் அதிலேயே தங்கியிருக்கும். இதற்கு மேல் எதையும் அதன்மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது. மஞ்சள் போட்டால் நிறம் மாறும், வேப்பிலை போட்டால் புள்ளி தெரியும். தோல் நோய் தீராது. விற்க நினைக்கும் மகளிர் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை: குளியல் சோப்பு சட்டப்படி அழகுசாதனப் பொருள். விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வேண்டும். வீட்டுக்குச் செய்துகொள்ள உரிமம் தேவையில்லை.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கார்பனும் அதன் சேர்மங்களும் என்ற பாடத்தில் சோப்பு தயாரிப்பு இருக்கிறது. கல்வராயன் மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளிலும் கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் அரசுப் பள்ளிகளிலும் அதை நடத்தும் ஆசிரியர்கள் ஒரு முறை செய்து காட்ட வேண்டும். எண்ணெயைப் பிள்ளைகள் எடை போடட்டும், காஸ்டிக் சோடாவை ஆசிரியர் மட்டும் தொடட்டும். அரைக் கிலோ எண்ணெய், 72 கிராம் காஸ்டிக் சோடா, 160 கிராம் தண்ணீர் போதும். கட்டிகளை உறுதியாகும்வரை ஆய்வுக்கூட அலமாரியிலேயே வையுங்கள். ஆறு வாரம் கழித்து பி.எச். தாளில் சோதித்துவிட்டு, பள்ளியின் கைகழுவும் குழாயடியில் வைத்துவிடுங்கள்.